கடல் கடந்த குழூஉக்குறி

இலக்கண வகுப்பில் தகுதி வழக்கை விளக்கப் புகும் உபாத்தியாயர், பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதையும் யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதையும் எடுத்துக்காட்டி, ஒரு கூட்டத்தார் தமக்குள்ளே மட்டும் பொருள் விளங்குமாறு வழங்கிக்கொள்ளும் சொல்லே குழூஉக்குறி என்று உரை கூறி, மணியடிப்பதற்குள் அடுத்த சூத்திரத்துக்குப் போய்விடுவார். அச்சொற்களால் உலகில் என்ன உபயோகம் என்பதை மாணாக்கன் பின்னொரு நாள் மாட்டுத்தாவணியில்தான் கற்றுக்கொள்கிறான்: தரகர் இருவர் தோள்துண்டைக் கைகளின்மேல் போட்டு மூடிக்கொண்டு, அதன்கீழ் ஒருவர் விரலை மற்றொருவர் பற்றி அழுத்தி, சுற்றி நிற்பவர் எவருக்கும் தெரியாமல் விலையைப் பேசி முடிப்பதைக் காணும்போது, எண்ணை மறைப்பதே வாணிகத்தின் முதல் வித்தை என்பது அவனுக்குத் தெளிவாகிவிடும். அங்ஙனம் மறைத்த எண் ஒன்று வணிகர் பதின்மரின் பொருளையும் மானத்தையும் மீட்டுக் கொடுத்த கதை தென்னாட்டில் வழங்கி வந்தது. அது கப்பலேறி லண்டன் மாநகரை அடைந்து, 1892-ஆம் ஆண்டில் ஆங்கிலப் பாலர்களுக்கென்று அச்சிடப்பட்ட அழகிய புத்தகம் ஒன்றில் இடம்பெற்றது.

கதை சிறியது. துணி வணிகர் பதின்மர் ஊரூராய்ச் சென்று விற்று முதலாக்கிக்கொண்டு காட்டுவழியே திரும்புகையில் கள்வர் மூவர் ஆயுதபாணிகளாய் எதிர்ப்பட்டனர். பத்துப் பேர் மூன்று பேருக்கு அஞ்சுவதா என்று உம் கொட்டும் குழந்தை இடையிலே கேட்கும். முழக்கோலைத் தவிர வேறொன்றைப் பிடித்தறியாத கைகள் வாளுக்கு முன் என்ன செய்யும் என்று பாட்டி விடை சொல்லுவாள். மூட்டைகளைப் பறித்ததோடு அமையாத கள்வர் உடுத்த துணியையும் உரிந்துகொண்டு, ஆளுக்கொரு சிறு கோவணத்தை மட்டும் விட்டனர். வெற்றி தலைக்கேறவே, தம்மை ராஜாக்களாகப் பாவித்துக் கொள்ளைப் பொருளை முன்னே வைத்துக்கொண்டு வீற்றிருந்து, வணிகரைத் தமக்கு முன் கூத்தாடுமாறு கட்டளையிட்டனர். ஆயுதங்களோ அலட்சியமாகத் தரையில் கிடந்தன. அதைக் கண்டுகொண்டவன் வணிகருக்குத் தலைவனாயிருந்தவன் ஒருவனே. எந்தக் கூத்தும் ஒரு பாட்டோடு தொடங்குவது மரபாதலால், அவனும் ஒரு பாட்டுப் பாடினான்: நாம் இத்தனை பேர், அவர்கள் இத்தனை பேர், அவர்களில் ஒவ்வொருவரையும் நம்மில் இத்தனை பேர் வளைத்துக்கொண்டால் எஞ்சுகிறவன் ஒருவன் என்னும் கணக்கை, வணிகர் கூட்டம் மட்டுமே அறிந்த எண்பெயர்களில் அமைத்து, இறுதியில் ஜதியும் சேர்த்துப் பாடினான். கள்வர் காதுக்கு அது வழக்கமான தொடக்கப் பாட்டாகவே பட்டது. அடுத்த சுற்றில் ஒன்பதின்மர் மும்மூவராய்ப் பாய்ந்து கள்வரைக் கீழே தள்ளி அமுக்கிக்கொள்ள, எஞ்சிய ஒருவன் துணியைக் கயிறாக்கிக் கைகால்களைக் கட்டினான்.

இக்கதையை ஆங்கிலச் சிறுவர்க்கு எடுத்துரைத்தவர் ஜோசப் ஜேக்கப்ஸ் என்னும் பண்டிதர். அவருக்கு ஓர் இடர் நேர்ந்தது. வணிகரின் எண்பெயர்களை உள்ளவாறே எழுதினால் லண்டன் குழந்தைக்கு அது வெறும் ஒலியாய் நின்றுவிடும். மறைபொருளை அறிந்துகொள்ளும் இன்பம், அதாவது கள்வருக்குத் தெரியாதது நமக்குத் தெரியும் என்னும் அந்தக் குதூகலம், அடியோடு போய்விடும். வெளிப்படையாக மூன்று, பத்து என்று எழுதினாலோ கதையே இல்லை. ஜேக்கப்ஸ் செய்த உபாயம் வியக்கத்தக்கது. லண்டன் தெருக்களில் பழமும் காய்கறியும் மீனும் தள்ளுவண்டியில் வைத்துக் கூவி விற்றோர், போலீஸ்காரனுக்கும் வாங்க வருவோனுக்கும் தம் பேச்சுத் தெரியாதிருக்கும்பொருட்டுச் சொற்களைத் தலைகீழாகத் திருப்பிப் பேசுவது வழக்கம். ஹென்றி மேஹ்யூ என்பவர் 1851-இல் வெளியிட்ட, லண்டன் உழைப்பாளரையும் ஏழைகளையும் பற்றிய பெருநூலில் இப்பேச்சை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். ‘பென்னி’ என்பது அவர்கள் வாயில் ‘யெனெப்’ ஆகும். பையனைக் குறிக்கும் ‘பாய்’ திரும்பி ‘யாப்’ ஆகும். இப்பின்னது இன்றைக்கும் முரட்டு வாலிபனைச் சுட்டும் சொல்லாக ஆங்கிலத்தில் உயிரோடிருக்கிறது. இந்தத் தலைகீழ்ப் பேச்சில் ஒன்றும் மூன்றும் பத்தும் எவ்வாறு ஒலிக்குமோ அவ்வாறே ஜேக்கப்ஸ் தமிழ் வணிகன் பாட்டிலுள்ள எண்களை மாற்றியமைத்தார். அவருடைய பிரசுரகர்த்தரான டேவிட் நட் கம்பெனியின் கடை ஸ்டிராண்டு வீதியில் 270-ஆம் இலக்கத்தில் இருந்தது. அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் காவென்ட் கார்டன் சந்தை. அந்தச் சந்தையின் தள்ளுவண்டிக்காரர் பேச்சுத்தான் காட்டுவழியில் கோவணத்தோடு நின்ற நம் வணிகருக்கு உதவிற்று. குழூஉக்குறியைக் குழூஉக்குறியால் பெயர்த்த இதனினும் நேர்த்தியான மொழிபெயர்ப்பை நான் கண்டதில்லை.

உலகத்துக் கதைகளையெல்லாம் கொண்டுவந்து இறக்கி, உருமாற்றி, சிறுவர் கைக்கு ஏற்ற புத்தகமாக்கி விற்கும் தொழில் லண்டனில் ஒரே நாளில் உண்டானதன்று. வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்திருந்த காக்ஸ்டன் 1484-இலேயே ஈசாப்புக் கதைகளை ஆங்கிலத்தில் அச்சிட்டார். 1570-இல் தாமஸ் நார்த் என்பவர், வடமொழிப் பஞ்சதந்திரம் பாரசீகத்துக்குச் சென்று, அரபியாகி, எபிரேயமாகி, லத்தீனாகி, இத்தாலியமாகி வந்து சேர்ந்த வடிவத்தை ஆங்கிலமாக்கி லண்டனில் வெளியிட்டார். கரடகனும் தமனகனும் அத்தனை சத்திரங்களில் தங்கி வந்தபின் தம் பெயர்களை இழந்திருந்ததில் வியப்பென்ன இருக்கிறது? ஆயினும் இவை சிறுவர்க்கென்று செய்தவை அல்ல. சிறுவரும் ஏழைகளும் வாங்கியவை நாடோடி வியாபாரிகள் மூட்டையில் வைத்து விற்ற சிறு புத்தகங்களே. ஒரே தாளை மடித்துச் சில பக்கங்களாக்கி, எந்தக் கதைக்காகவோ செதுக்கிய மரக்கட்டைச் சித்திரத்தை வேறெந்தக் கதைக்கோ பதித்து, காசு இரண்டு காசுக்கு விற்ற அவற்றை, நம் சென்னைக் குஜிலிக் கடைகளில் விற்ற பெரிய எழுத்துப் புத்தகங்களை அறிந்தவர் பார்த்தவுடனே இனங்கண்டுகொள்வர்.

1744-இல் ஜான் நியூபெரி, சிறுவர்க்கென்றே ஓர் அழகிய சிறு நூலை அச்சிட்டு, பையன் வாங்கினால் ஒரு பந்தும் பெண் வாங்கினால் ஓர் ஊசிமெத்தையும் சிறிது கூடுதல் விலைக்குச் சேர்த்துக் கொடுத்தார். இனாம் காட்டிப் புத்தகம் விற்கும் யுக்தி அன்றே பிறந்துவிட்டது. ஆனால் பெரியோர்கள் மனம் தேவதைக் கதைகளின்பால் இரங்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாரா டிரிம்மர் என்னும் மாது, கல்வியைக் காக்கும் பொருட்டென்று நடத்திய பத்திரிகையில், சிண்டரெல்லாவும் நீலத்தாடியனும் குழந்தைகள் மனத்தில் நஞ்சை ஊட்டுகின்றன என்னும் கருத்துப்பட எழுதி வந்தார். அவரது கட்சி நீண்டகாலம் செல்வாக்கோடிருந்தது.

இந்நிலையில் 1822-ஆம் ஆண்டு லண்டனில் வெளிவந்த ஒரு நூலைத் தமிழர் மறக்கலாகாது. வீரமாமுனிவர் இயற்றிய பரமார்த்த குரு கதையைத் தமிழ் மூலத்தோடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் அகராதியோடும் பெஞ்சமின் பாபிங்டன் அங்கே பதிப்பித்தார். சென்னை அரசாங்க உத்தியோகத்திலிருந்து தாயகம் திரும்பிய அவர் பின்னர் வைத்தியரானார். தொண்டைக்குள்ளே கண்ணாடியை விட்டு நோக்கும் கருவியொன்றை 1829-இல் அமைத்துக் காட்டிய பெருமையும் அவருக்கு உண்டு. அந்தக் குருவின் சீடர்களான மட்டியும் மடையனும் பேதையும் மிலேச்சனும் மூடனும் லண்டனுக்கு வந்தது குழந்தைகளைச் சிரிப்பிக்க அன்று. தமிழ் கற்க முயலும் இளம் துரைமாருக்குப் பாடமாக. கொள்ளிக்கட்டையால் ஆற்றைத் தொட்டு, அது உறங்குகிறதா என்று பார்த்த சீடர்களை வைத்துக்கொண்டு வேற்றுமையுருபு படித்த துரைமார் வாய்விட்டுச் சிரித்திருக்க மாட்டார்களா என்ன?

அந்நூலில் ஒரு கட்டம். ஆற்றைக் கடந்தபின் ஆட்களை எண்ணும் சீடன் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான். ஓர் ஆளை ஆறு கொண்டுபோயிற்று என்று அனைவரும் அழுகின்றனர். வழிப்போக்கன் ஒருவன் ஒவ்வொருவன் முதுகிலும் ஓர் அடி வைத்து எண்ணிக் காட்டி ஆட்கணக்கைச் சரிசெய்கிறான். இதே சம்பவம், கோத்தம் என்னும் ஊர் மூடர்களைப் பற்றிப் பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வழங்கிய சிறு புத்தகத்திலும் இருக்கிறது: மீன் பிடிக்கச் சென்ற பன்னிருவர் தம்முள் ஒருவரைக் காணாமல் புலம்ப, குதிரையில் வந்தவன் சவுக்கால் முதுகில் அடித்தே பன்னிருவரையும் எண்ணிக் கொடுக்கிறான். முனிவர் இதை இத்தாலியில் கேட்டு வந்தாரா, காவிரிக்கரையில் கேட்டாரா என்று வாதிடுவோர் வாதிடட்டும். தன்னை மறந்து ஊரை எண்ணும் மனிதன் இரு கரையிலும் இருந்திருக்கிறான். அவனுக்கு இரு கரையிலும் முதுகில்தான் அடி விழுந்திருக்கிறது.

பாபிங்டன் நூல் வந்த மறு ஆண்டு, லண்டன் வழக்கறிஞரான எட்கர் டெய்லர் ஜெர்மானிய கிரிம் சகோதரர் கதைகளை முதன்முதல் ஆங்கிலத்தில் தந்தார். சித்திரம் வரைந்தவர் ஜார்ஜ் குரூக்ஷாங்க். டெய்லரின் கை மிருதுவானது. மூலத்தில் அரசகுமாரி தவளையைச் சுவரில் வீசியெறிந்தபோதுதான் அது ராஜகுமாரனாகிறது; டெய்லர் புத்தகத்தில் அது மூன்று இரவு அவள் தலையணையில் சாதுவாக உறங்கி உருமாறுகிறது. கோபம் சாப விமோசனமாவதை ஆங்கிலத் தாய்மார் ஒப்பார் என்று அவர் எண்ணினார் போலும். இப்பதிப்பின் வெற்றியே கிரிம் சகோதரரைத் தம் நாட்டில் சிறுவர்க்கென ஐம்பது கதைகள் கொண்ட சிறு பதிப்பு வெளியிடத் தூண்டிற்று. குரூக்ஷாங்கின் பிற்கால நடத்தைதான் விநோதம். மதுவிலக்கில் தீவிர பக்தராகிவிட்ட அவர், 1853-இல் பழைய கதைகளுக்குள் குடியின் கேட்டைப் பற்றிய பிரசங்கங்களைப் புகுத்தித் தாமே திருத்தி எழுதலானார். அவருடைய நண்பர் சார்லஸ் டிக்கன்ஸ் அதைக் கண்டு பொறாமல், தேவதைகளுக்கு இழைத்த மோசடி இது என்று தம் பத்திரிகையில் கடுமையாகக் கண்டித்தார். டிக்கன்ஸ் பக்கமே என் வாக்கு.

1868-இல் ஆல்பமார்ல் தெருவிலிருந்த ஜான் மரே, மேரி பிரியர் என்னும் இளம் பெண் தொகுத்த தக்காணத்துக் கதைகளை வெளியிட்டார். பம்பாய் கவர்னரின் மகளான அவள், தந்தையோடு தக்காணத்தில் சுற்றுப்பிரயாணம் செய்கையில், உடன் வந்த ஆயாவான அன்னா லிபரேட்டா டி சௌஸா சொல்லக் கேட்டு எழுதியவை அவை. அன்னா தன் பாட்டியிடம் கேட்டவை. கழுதையென்று மயங்கிப் புலியைப் பிடித்துக் கட்டிய குயவன் கதை அவற்றுள் ஒன்று. இப்புத்தகத்தில் ஓர் அரிய நற்குணம் உண்டு: கதை சொன்னவளுடைய வாழ்க்கையையும் அவள் வாய்மொழியாகவே ஒரு பகுதியாகச் சேர்த்திருக்கிறார்கள். நூறு புத்தகங்களைப் புரட்டினாலும் இத்தகைய மரியாதை எளிதில் கிடைப்பதன்று.

இதற்கு முன்னரே, 1846-இல், நாட்டார் வழக்காற்றைக் குறிக்க வில்லியம் தாம்ஸ் ‘போக்லோர்’ என்னும் சொல்லைச் சிருஷ்டித்தார். 1878-இல் அப்பெயரால் லண்டனில் ஒரு சங்கம் கண்டனர். கிழவிகளின் கதை வித்வான்களின் ஆராய்ச்சிப் பொருளாயிற்று. 1891-இல் அந்நகரில் கூடிய சர்வதேச மகாநாட்டில் கதைகளின் பூர்விகம் பற்றி இரு கட்சியினர் மோதினர். இந்தியாவிலிருந்தே ஐரோப்பாவுக்குப் பெரும்பான்மையான கதைகள் சென்றன என்னும் கட்சிக்கு ஜேக்கப்ஸ் சார்பானவர். மக்கள் எங்கும் ஒரே பழைய பருவத்தைக் கடந்து வந்தவராதலால் ஒரே கதை பல இடங்களில் தானே முளைக்கும் என்றவர், மகாநாட்டுக்குத் தலைமை வகித்த ஆண்ட்ரூ லாங். வாதம் முடிந்தபாடில்லை, இருவரும் வீட்டுக்குப் போய்க் குழந்தைகளுக்குக் கதைப்புத்தகம் தயாரித்தனர்.

லாங் கென்சிங்டனில் மார்லோஸ் ரோடில் வாழ்ந்தவர். 1889-இல் நீல நிறத்தில் தொடங்கிச் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று 1910 வரை பன்னிரண்டு நிறங்களில் அவர் பெயரால் லாங்மன்ஸ் கம்பெனியார் வெளியிட்ட தொகுதிகள் உலகின் நாற்றிசைக் கதைகளையும் ஆங்கில வீடுகளுக்குள் கொண்டு வந்தன. பெயர் அவருடையது, உழைப்போ பெரும்பாலும் அவர் மனைவியாருடையது. கடைசித் தொகுதியின் முன்னுரையில் அதை அவரே ஒப்புக்கொண்டு, ஏவாள் பாடுபட ஆதாம் மேற்பார்வை பார்த்ததுபோல என்று தம்மைப் பரிகாசம் செய்துகொண்டார். இருபத்தோராண்டு கழித்துச் சொன்ன உண்மை; எனினும் சொன்னார்.

ஜேக்கப்ஸ் சிட்னியில் 1854-இல் பிறந்த யூதர். ஆங்கிலேயருக்கு அவர்களுடைய கதைகளையே 1890-இல் தொகுத்துக் கொடுத்தவர் ஓர் ஆஸ்திரேலிய யூதர் என்பது எண்ணி மகிழத்தக்கது. அவரைக்கொடியில் ஏறிய ஜாக்கின் கதையை அவர் தம் பாலியத்தில் ஆஸ்திரேலியாவில் கேட்டபடியே எழுதினார். குழந்தைக்கு வாசித்துக் காட்டும்போது நாக்கு இடறாத நடையே அவர் நாடிய நடை. அதற்காக வெட்டுவார், ஒட்டுவார், கொச்சையைத் திருத்துவார். ஆனால் செய்ததையெல்லாம் புத்தகத்தின் கடைசியில் குறிப்புகளாக எழுதி வைத்துவிடுவார். முதல் தொகுதியில் அக்குறிப்புகளின் வாயிலில் ஒரு பறையறிவிப்போனை நிறுத்தி, கதைகள் முடிந்தன, சிறுவர் சிறுமியர் இதற்கு அப்பால் வாசிக்கலாகாது என்று கூவச் செய்திருக்கிறார். இதைவிடக் குழந்தையை உள்ளே இழுக்கும் உபாயம் வேறில்லை என்பது அந்தப் பண்டிதருக்குத் தெரியாதிருக்குமா?

1892-இன் இந்தியத் தொகுதியிலும் குறிப்புகள் கடைசியிலேதான். வணிகர் பதின்மர் கதையையும், அத்தொகுதியிலுள்ள சோதிடன் மகன் என்னும் மற்றொரு கதையையும் அவர் எங்கிருந்து எடுத்தார் என்பதை அங்கே காணலாம்: 1890-இல் லண்டனில் ஆலன் கம்பெனியார் வெளியிட்ட ‘சூரியனின் கதைகள்’. ஆசிரியர் இருவர், ஒருவர் கிங்ஸ்கோட் துரைசானி, மற்றவர் பண்டித நடேச சாஸ்திரியார். துரைசானி முதலில் தம் வேலைக்காரர் மூலம் கடைவீதிக் கிழவிகளிடமிருந்து கதைகளை வருவித்ததாகவும், அவை அவர்கள் வைக்கும் கறியைப் போலவே கண்ட கண்ட சரக்கெல்லாம் கலந்து வந்ததாகவும், சாஸ்திரியார் துணை கிடைத்திராவிட்டால் நூல் பிழை மலிந்து போயிருக்கும் என்றும் முன்னுரையில் எழுதினார். கறியில் பல சரக்குச் சேர்வது குற்றமென்று நம் நாட்டில் எவரும் சொல்லக் கேட்டதில்லை, போகட்டும்.

நடேச சாஸ்திரியார் தொல்பொருள் ஆராய்ச்சித் துறையில் வேலை பார்த்தவர். பல பாஷைகள் கற்றவர். தென்னிந்தியக் கதைகளை ஆங்கிலத்தில் பகுதி பகுதியாக வெளியிட்டதோடு, 1886-இல் ‘திராவிட பூர்வகாலக் கதைகள்’ என்று தமிழிலும் தந்தவர். சோதிடன் மகன் கதைக்குரிய குறிப்பில் ஜேக்கப்ஸ், மூலத்தின் நடையில் சிறிது பாபு ஆங்கிலம் வீசுவதாகவும் அதைச் சுருக்கிச் செப்பஞ்செய்ததாகவும் எழுதுகிறார். அந்தச் சொல் எனக்கு உறைக்கிறது. ஓர் அயல்மொழியில் தன் பாட்டியின் பேச்சை நிறுத்தி எழுத முயன்றவரின் தயக்கம் பாபுத்தனமாகத் தோன்ற, லண்டன் தள்ளுவண்டிக்காரன் தன் மொழியைத் தலைகீழாக்கிப் பேசுவது ரஸமாகத் தோன்றியிருக்கிறது. ஆனால் ஒளிக்காமல் எழுதியவரோடு அதிகம் சண்டையிடவும் மனமில்லை. அவர் எழுதி வைக்காதிருந்தால், எந்த ஊர்ப் பதின்மர் அந்தக் காட்டில் ஆடினர் என்பதே மறைந்திருக்கும்.

சாரிங் கிராஸ் சாலையின் பழைய புத்தகக் கடை ஒன்றில், ஒரு மழை நாளில், இந்தத் தொகுதியின் தேய்ந்த பிரதியொன்று என் கைக்கு வந்தது. கதைப் பக்கங்கள் விரல் பட்டு மழுங்கியிருந்தன. குறிப்புப் பக்கங்கள் முதல்நாள் அச்சிட்டவை போலச் சுத்தமாயிருந்தன. வணிகன் பாட்டைத் தேடியெடுத்துப் பார்த்தேன். எண்கள் மூன்றும் லண்டன் சந்தைச் சொற்களாக மாறி நின்றன. அவற்றுக்குக் கீழே, தா, தை, தோம் என்று தொடங்கும் நட்டுவனார் சொற்கட்டை மட்டும் ஜேக்கப்ஸ் தொடவில்லை. ஆங்கில எழுத்தில், குறில் நெடில் அடையாளத்தோடு, அப்படியே விட்டிருந்தார். திருப்பிப் போட அதில் பொருள் ஒன்றும் இல்லை. கென்சிங்டன் வீட்டு மெத்தையில் குழந்தையைப் படுக்கவைத்து வாசித்த எந்தத் தாயும், அந்த இடத்துக்கு வந்தபோது, கட்டில் விளிம்பில் கையால் தாளம் தட்டித்தான் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.